மீன் தராசு

இன்ஜின் திணறியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.
அது பாட்டுக்கு ஓடுகிறது.
பனியூதியின் வாய் மட்டும்
இடுப்புயரக் குவியலை மென்று மென்று
நின்றுவிடுகிறது.

முதலில் பின்னைப் பார்த்தேன்,
மற்றதெல்லாம் பிழைக்கட்டும் என்று
உடைவதற்காகவே இருக்கிற பின்.
உடையவில்லை.
செயினிலும் குறையில்லை.
ஷாஃப்ட்டேதான் சோர்ந்து சுற்றுகிறது.
அப்புறம் அந்த வாடை:
அடிப்பிடித்த கஞ்சி, கூடவே கருகிய ரோமம்.

மைனஸ் முப்பத்தொன்று.
பத்து மணிக்குப் பால் லாரி
இந்தப் பாதையில் வந்தாக வேண்டும்.

ஆர்போர்கில் உதிரிபாகம் விற்கும் கிறிஸ்ட்யானைப்
போனில் பிடித்து மட்கார்டு மேல் சாய்த்து வைத்தேன்.
"எந்த வண்டி?"
"காக்‌ஷட் நாற்பது. பி.டி.ஓ. வழுக்குது."
"கை லீவர். போடும்போது டக்குனு விழுதா?"
"வாழைப்பழத்துல ஊசி மாதிரி போகுது."
"கொக்கித் தராசு இருக்கா?"

ஏரியில் பிடித்த பிக்கரலை நிறுப்பது இருந்தது,
செதில் ஒட்டியபடி.
லீவர் நுனியில் மாட்டி இழுத்தேன்.
முள் ஒன்பதைத் தொடுவதற்குள் லீவர் சாய்ந்துவிட்டது.
"நாற்பதாவது காட்டணும்.
ஒன்பது ராத்தலெல்லாம் ஒரு மீனா,
தண்ணியில திருப்பி விடு."

மூடியைக் கழற்றினேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்தால் உதடு ஒட்டிக்கொள்ளும்;
தொப்பிக்குள் செருகிக்கொண்டேன்.
"எண்ணெய் கசிஞ்சிருக்கா?"
விரலால் துடைத்தேன். காய்ந்த தூள், மிளகுபோல.
"அப்போ தேய்மானம்தான்." கொஞ்சம் யோசித்தான்.
"செப்டம்பர்லதானே என்கிட்ட லைனிங் வாங்கினீங்க?
அஞ்சு மாசத்துல இப்படித் தேயாதே.
யார் ஓட்டறது?"
"மெட்ரோ."
"லீவரை மெதுவாப் போடறானா?"
"மெதுவாத்தான்."

அதற்குமேல் சொல்லவில்லை.
நவம்பரில் அந்த ஷாஃப்ட்
அவன் பார்க்காவின் வலது கையைத்
தோளோடு பிடுங்கிக்கொண்டது.
துணியை மட்டும்.
மட்டமான தையல், மடமடவென்று விட்டுக்கொடுத்தது.
அன்றிலிருந்து,
குழந்தை தூங்கும் அறைக்கதவைத் திறப்பதுபோல்
லீவரைத் தள்ளுகிறான்.
பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறான்.
தகடுகள் அந்தப் பாதியிலேயே
உரசி உரசித் தீர்ந்திருக்கின்றன.

பின்னை இழுத்து வளையத்தை ஒரு பல் திருப்பினேன்.
தராசு: இருபத்திரண்டு.
இன்னொரு பல்.
நாற்பத்தொன்று,
அதோடு
டக்.
முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும்.
சமையலறைத் திரை அசைந்தது.

"கேட்டுச்சு," என்றான் கிறிஸ்ட்யான்.
"வசந்தம்வரை தாங்கும். அப்புறம் புது லைனிங்."
வைத்துவிட்டான்.

ஷாஃப்டின் தகரக் கூடு
கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தது, பாதி பனிக்குள்.
அக்டோபரில் கழற்றியது.
க்ரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று.
கழற்றியது நான்.
இதையும் கிறிஸ்ட்யானிடம் சொல்லவில்லை;
மெட்ரோ என்னிடம் கேட்டதில்லை.

காலால் உதைத்துப் பனியைப் பெயர்த்தேன்.
மாட்டினேன். சங்கிலியைக் கொக்கியில் போட்டேன்.
இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

அவன் வந்தான்,
நீலப் பார்க்காவில் பழுப்புக் கையோடு;
தைத்தது அவனேதான், கயிறுபோல் தடித்த நூலில்.
கூட்டைப் பார்த்தான்.
குனிந்து ஒரு விரலால் தட்டினான்.
என் பக்கம் திரும்பவில்லை.

"ஒரே தள்ளு," என்றேன். "தடவாதே."

லீவரில் தராசு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
எடுத்து, செதிலைச் சுரண்டி,
என் கையில் கொடுத்தான்.
பத்தாக இருபது நிமிடம்.